ஸ்திரம் யாருக்கு?

1

ஒன்றை 'ஸ்திரமானது' என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அது மாறாது என்பது ஒன்று. அதை நம்பிச் சாய்ந்தவன் விழமாட்டான் என்பது மற்றொன்று. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் அவசியம் நேர்வதில்லை. சுவர் மாறுவதில்லை, ஆகவே சாயலாம் என்ற அளவில் காரியம் நடந்துவிடுகிறது. ஆனால் சற்றும் மாறாமல் இருந்தே சாய்ந்தவனைக் கைவிடும் பொருள்கள் உண்டு. இடையறாது மாறிக்கொண்டே தாங்கி நிற்கும் பொருள்களும் உண்டு.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர், வெற்றிலைச் சந்தைக்குப் பெயர்போன ஊர். கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. அதற்குக் காய்ந்த கழியை ஊன்றலாம். ஊன்றிய அன்று இருந்த உயரத்திலேயே கழி இருக்கும். ஒரு மாற்றமும் தெரியாது. ஒருநாள் கரையான் அரித்து மண்மட்டத்தில் முறியும். கொடிக்காலில் அகத்தியை விதைக்கிறார்கள். அது ஓரளவு உயர்ந்தபின் அதன் அடியில் கொடியை நடுகிறார்கள். அகத்தி உயிருள்ளது. அது வளரும், பருக்கும், தழைக்கும். தலை மீறினால் கழித்துவிட வேண்டும். இப்படி ஓயாமல் மாறுகிற ஒன்றின்மேல்தான் கொடி பற்றிப் படர்கிறது. கொடி கேட்பது ஒன்றே ஒன்று: பற்றிய இடத்தில் பிடி கழலக் கூடாது.

காய்ந்த கழியின் ஸ்திரம் ஒன்று, அகத்தியின் ஸ்திரம் வேறொன்று. தத்துவ நூல்களில் மங்கலாகக் கிடக்கும் இந்தப் பிரிவினையை, தர்க்கம் பேசும் உத்தேசமே இல்லாத ஒரு கூட்டம் நம் காலத்தில் மிகக் கறாராக வகுத்து வைத்திருக்கிறது. கணினியின் இயங்குதளத்தை எழுதுகிறவர்களைச் சொல்கிறேன்.

2

இயங்குதளம் என்பது கணினியில் மற்ற எல்லா நிரல்களும் கால் ஊன்றும் தரை. அந்தத் தரையைப் புதுப்பித்தாக வேண்டும். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன, புதிய கருவிகள் வருகின்றன, பழைய பிழைகள் தெரியவருகின்றன. ஆனால் மேலே ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தரையை மாற்றுவது எப்படி?

1993இல் தொடங்கி, பல நாட்டினர் கூடி எழுதிவரும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இதற்கு மூன்று ஓட்டங்களை வைத்திருக்கிறது. 'கரண்ட்' என்பது பட்டறை. இன்று காலை எழுதியது இன்று மாலை அதில் இருக்கும். நாளை உடையவும் உடையலாம். 'ஸ்டேபிள்' என்பது கிளை. பட்டறையில் சில காலம் ஓடித் தேறியவற்றைப் பொறுக்கி இதில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். 'ரிலீஸ்' என்பது அந்தக் கிளையிலிருந்து ஒருநாள் வெட்டி எடுத்து, சோதித்து, எண் கொடுத்து வெளியிட்ட பதிப்பு. வெளியிட்டபின் அதில் புதிதாக எதுவும் சேராது. பாதுகாப்பு ஓட்டைகளும் மிகக் கொடிய பிழைகளும் மட்டுமே அடைக்கப்படும்.

புதிதாக வருகிறவன் இடறி விழுவது இந்த இடத்தில். 'ஸ்டேபிள்' என்ற பெயரைப் பார்த்து, அசையாதது இதுதான் என்று நம்பி அதை ஏற்றிக்கொள்கிறான். அதுவோ வாரந்தோறும் அசைந்துகொண்டிருக்கிறது. சாதாரண உபயோகத்துக்கு ரிலீஸை எடுத்துக்கொள், ஸ்டேபிள் என்பது வளர்ச்சிக் கிளை என்றுதான் அதன் கையேடே சொல்கிறது. அப்படியானால் பெயர் பொய்யா? பொய்யில்லை. அங்கே ஸ்திரம் என்பது வேறொன்றைக் குறிக்கிறது. 14 என்ற வரிசைக்காக எழுதப்பட்ட நிரல், அந்த வரிசை உயிரோடு இருக்கும்வரை அதன்மேல் ஓடும். உள்ளே எதை மாற்றினாலும் அந்தப் பற்றுமுனைகளை மாற்றமாட்டோம் என்பதே அது தரும் வாக்கு. அகத்தியின் ஸ்திரம். 13இலிருந்து 14க்குத் தாவுகிறபோது அந்த வாக்கு தீர்ந்துவிடுகிறது. மேலே இருக்கும் நிரல்களையெல்லாம் புதிதாக ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். 14.1இலிருந்து 14.2க்கு நகர்கிறவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இதே சொல் அடுத்த வீட்டில் வேறு பொருள் பெறுகிறது. அதே 1993இல் பிறந்த டெபியனில் 'ஸ்டேபிள்' என்றால் வெளியிடப்பட்டு உறைந்துவிட்ட பதிப்பு. அங்கே பட்டறையின் பெயர் 'அன்ஸ்டேபிள்'. அதற்கு நிரந்தரமான செல்லப்பெயர் சிட், ஒரு கார்ட்டூன் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர். நடுவே 'டெஸ்டிங்' என்று ஒரு திண்ணை. பட்டறையிலிருந்து வருவது அங்கே உட்கார்ந்து ஆற வேண்டும். இரண்டு ஆண்டு சுமாருக்கு ஒருமுறை அந்தத் திண்ணையை உறையவைத்து, பிழை பொறுக்கி, புதிய ஸ்டேபிளாக வெளியிடுகிறார்கள். 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. அதன்பின் ஒரு நிரலில் ஓட்டை தெரியவந்தால் அந்த நிரலின் புதிய பதிப்பைப் பொதுவாக அப்படியே வாங்கிப் போடமாட்டார்கள். அடைப்பை மட்டும் பெயர்த்துப் பழைய நிரலில் ஒட்டவைப்பார்கள்.

ஆக, ஒருவர் ஸ்திரம் என்பது உறவை வைத்து. மற்றவர் ஸ்திரம் என்பது உருவத்தை வைத்து. உண்மையான பொருள் எதுவும் தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றையும் ஒருங்கே கொண்டிருக்கும் என்றது சமணம். அந்தச் சமணம் ஒரு காலத்தில் இந்தத் தகடூர் நாட்டில் வேரோடியிருந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உலகை விளக்கியவர்களோடு அது வாதாடியது. பட்டறையும் கிளையும் பதிப்பும் சேர்ந்ததே ஓர் இயங்குதளம் என்று சொல்லும்போது, ஏறக்குறைய அந்த வாதம்தான் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

3

இதுவரை சொன்னது அமைப்பு. தார்மீகப் பிரச்னை இனிமேல்தான்.

உறைந்த பதிப்பில் பிழைகள் இருக்கின்றன. அதை உறையவைத்தவர்களுக்கே அது தெரியும். பட்டறையில் அந்தப் பிழை என்றோ திருத்தப்பட்டிருக்கும். ஆனாலும் பதிப்பில் திருத்தமாட்டார்கள். தெரிந்தே ஒரு பிழையை விட்டுவைப்பது எப்படிச் சரியாகும்? அவர்கள் பதில் இது: திருத்தமும் ஒரு மாற்றம். பிழையோடு பழகி, அதற்குத் தக்கபடி தன் காரியத்தை அமைத்துக்கொண்ட ஒருவன் எங்கோ இருப்பான். உன் திருத்தம் அவனை வீழ்த்தும். இந்தப் பதிலை முதலில் கேட்டபோது எனக்குச் சோம்பேறிகளின் சமாதானம் போலப் பட்டது. யோசிக்க யோசிக்க, அதில் ஓர் அடக்கம் இருப்பது தெரிகிறது. தான் செய்த பொருளை யார் யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது செய்தவனுக்கு முழுதும் தெரியாது என்ற பிரக்ஞை அது.

ஆனால் அந்த அடக்கம் பிழையிலிருந்து யாரையும் காப்பாற்றிவிடுவதில்லை. 2006இல் டெபியனில் ரகசியக் குறியீட்டுக்கான ஒரு நிரலைச் சுத்தம் செய்யும் நல்லெண்ணத்தோடு சிறு மாற்றம் ஒன்று செய்தார்கள். சோதனைக் கருவி ஒன்று அந்த இடத்தைக் காட்டி முணுமுணுத்தது, அதற்காக நீக்கினார்கள். விளைவு: எண்ணிலடங்காத சாத்தியங்களிலிருந்து பொறுக்கப்பட வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் 32,768 சாத்தியங்களுக்குள் சுருங்கிப்போயின. யாரும் கவனிக்கவில்லை. 2007இல் வந்த ஸ்டேபிள் பதிப்பிலும் அது உறைந்தது. 2008 மே 13ஆம் தேதி அறிவிப்பு வரும்வரை உலகெங்கும் அந்தச் சாவிகளால் கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். உறையவைத்தல் நல்லதைக் காப்பது போலவே கெட்டதையும் காக்கிறது. ஸ்திரம் தன்னளவில் ஒரு நற்குணமல்ல.

மறுபக்கமும் உண்டு. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். சலித்துக் களைத்திருந்த ஒரு தனிமனிதரின் பராமரிப்பில் இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த யாரோ, இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பைக் கைப்பற்றி, 2024 பிப்ரவரியில் அதற்குள் ஒரு கள்ளவாசலை வைத்துவிட்டார். அது டெபியனின் பட்டறைக்கும் திண்ணைக்கும் வந்துவிட்டது. ஸ்டேபிளுக்கு இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், பட்டறைப் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர், தொலைவிலிருந்து தன் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். 2024 மார்ச் 29இல் விஷயம் வெளிவந்தது. ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைப் பொதுவாக மந்தத்தின் வெற்றியாகச் சொல்கிறார்கள்: பொறுத்திருந்தவன் பிழைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் பொறுத்திருந்திருந்தால் அந்த அரை விநாடியை யார் பார்த்திருப்பார்கள்? கள்ளவாசல் திண்ணையில் சாவகாசமாக ஆறி, உரிய காலத்தில் ஸ்டேபிளுக்குள் சகல மரியாதைகளோடும் போய் அமர்ந்திருக்கும். நிலைத்த இடத்தில் இருப்பவர்களின் நிம்மதி, நிலையாத இடத்தில் நிற்கத் துணிந்த சிலரின் விழிப்பிலிருந்து கடன் வாங்கியது. பதிப்பில் வாழ்பவன் பட்டறைக்காரனைப் பார்த்து 'எப்போது பார்த்தாலும் உடைத்துக்கொண்டிருக்கிறான்' என்று சிரிக்கும்போது, யார் காசில் சிரிக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறான்.

4

இது கணினிக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்கள், தாங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் எழுத்தையே பார்க்கலாம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சில தமிழ் எழுத்து வடிவங்களை மாற்றி அச்சிடத் தொடங்கினார். தும்பிக்கை தூக்கிய 'லை'யும் சுழித்துக்கொண்ட 'றா'வும் அங்கே மற்ற எழுத்துகளைப் போலக் கொம்பும் காலும் பெற்றன. நாற்பது ஆண்டுக்கு மேல் அது ஒரு கட்சிக்காரர்களின் எழுத்தாகவே இருந்தது. கேலியையும் சங்கடத்தையும் அந்தப் பத்திரிகைகளும் அவற்றின் வாசகர்களும் தாங்கினார்கள். 1978இல் தமிழக அரசு ஆணையிட்டு அவற்றை ஏற்றது. 13 வடிவங்கள் பொதுவழக்குக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, யாரோ ஒருவர் பட்டறையில் நெடுங்காலம் ஓட்டிப் பார்த்த பிறகே அது பொதுப் பதிப்பாயிற்று. இரண்டாவது, பெரியார் எழுதியதெல்லாம் வரவில்லை. 'அய்', 'அவ்' என்று எழுதுவது பொதுவழக்கில் நிலைக்காமல் அவருடைய கிளையிலேயே தங்கிவிட்டது. கிளையில் இருப்பதெல்லாம் பதிப்புக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை. மூன்றாவதுதான் முக்கியம். பழைய எழுத்தில் அச்சான புத்தகங்களை யாரும் செல்லாதவை ஆக்கவில்லை. பழைய அச்சுகளை உடனே உருக்கிப் புதிது வார்க்க வசதியில்லாத சிறு அச்சகங்கள் கையிலிருந்ததை வைத்துச் சில காலம் ஓட்டின. பழையதைப் படித்தவனுக்குப் புதியது புரிந்தது. புதியதைப் படித்த குழந்தை பாட்டன் அலமாரியிலிருந்த புத்தகத்தையும் கொஞ்சம் திணறிப் படித்துவிட்டது. பற்றுமுனை கழலவில்லை.

காலத்தால் வரும் மாற்றத்தைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று இலக்கணக்காரரே அனுமதி தந்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தலைகீழ்ப் பாடம். புதுமைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் அதைத்தான் நீட்டுகிறார்கள். அனுமதி சரி. எந்த வேகத்தில், யாரைக் கேட்டு, யார் தலையில் செலவை ஏற்றி என்ற கேள்விகளை அந்த அனுமதி தீர்த்து வைப்பதில்லை. மரபா புதுமையா என்ற நம் பழைய சண்டையில் இரு தரப்பும் கேட்க மறந்தவை இவை.

5

வேகத்தையும் செலவையும் பற்றிய கேள்வி வாக்குறுதியைப் பற்றிய கேள்வியாக முடிகிறது. சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹாட் நிறுவனத்தின் விலையுள்ள இயங்குதளத்திலிருந்து இலவசமாகக் கட்டப்பட்ட பதிப்பு. பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் அதை நம்பியிருந்தன. அதன் 8ஆம் பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தபோது 2029 வரை பராமரிப்பு உண்டு என்று கணக்கு. 2020 டிசம்பர் 8ஆம் தேதி அறிவித்தார்கள்: 2021 டிசம்பர் 31 உடன் முடிகிறது, வேண்டுமானால் 'ஸ்ட்ரீம்' என்ற ஓடும் கிளைக்கு வாருங்கள். கிளை மோசமானது என்று சொல்வதற்கில்லை. கழியை நம்பி நட்டவனிடம் ஏழு ஆண்டுக்கு மேல் முன்னதாகக் கழியைப் பிடுங்கிக்கொண்டு, அகத்தி தருகிறேன் என்றால், அகத்தி நல்ல மரம் என்பது பதிலாகாது. முடிவுத் தேதியும் வாக்கின் ஒரு பகுதி. என்றென்றைக்கும் காப்பேன் என்பவனைவிட, 2028 நவம்பர் வரை காப்பேன் என்று சொல்லி அதுவரை காக்கிறவன் நாணயமானவன்.

2024 ஜூலை 19இல் நடந்தது வேறு வகை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே நாளில் விழவைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களில் ஜாக்கிரதையான பலர், எங்களுக்கு ஒரு பதிப்பு பின்தங்கியே வரட்டும் என்று முன்கூட்டித் தெரிவு செய்திருந்தார்கள். அந்தத் தெரிவு நிரலுக்கு மட்டுமே பொருந்தும், இந்த வகைக் கோப்புக்குப் பொருந்தாது என்பது விழுந்தபிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. பின்னால் நிற்கிறேன் என்றவனையும் முன்வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். புதுப்பித்தலில் நடக்கும் அநீதி இன்னதென்று தெளிவாகக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். எந்தக் கிளையில் நிற்பது என்று தீர்மானிக்கும் உரிமை, நிற்பவனுக்கே தெரியாமல் பறிபோயிருந்தது.

6

இந்த உரிமை கடத்தூர் போன்ற ஊரில் என்ன ஆகிறது?

2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படிக்கும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. கடத்தூர் மாணவரும் சென்னை மாணவரும் ஒரே பெட்டியைப் பெற்றார்கள். திறந்தால் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ். பாஸ் என்பது சி-டாக் சென்னை மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த லினக்ஸ் வகை. டெபியனை ஆதாரமாகக் கொண்டது. அதாவது உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வெட்டியும் ஒட்டியும் காத்துவரும் ஒரு பெருமரத்தின் கிளை, தருமபுரி மாவட்டத்தில் ஒரு ராகி விவசாயியின் மகள் மடிவரை வந்துவிட்டது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. அந்தப் பெட்டியால் எழுதக் கற்றவர்களும் வேலைக்குப் போனவர்களும் ஏராளம்.

ஆனால் அவள் மடிக்கு வந்தது பதிப்பு. கிளையோடு அவளை இணைக்கும் வழி வரவில்லை. இணைய இணைப்பு அந்தத் திட்டத்தின் பகுதியாக இல்லை. புதுப்பித்தல் என்றால் நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகள். கைப்பேசியில் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் டேட்டா ரீசார்ஜ் செய்த காலத்தில், மலிவான இணையம் 2016 இறுதியில் வரும்வரை, அது எட்டாத காரியம். பெட்டி கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. ஸ்திரமாக, காய்ந்த கழியைப் போல. சென்னையில் இணைப்புள்ள வீட்டில் அதே பெட்டி வாரந்தோறும் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே முத்திரை. வறியவனுக்குக் கிடைப்பது வெளியீடு. வசதியுள்ளவன் வாழ்வது கிளையில். நம் சமூகம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சட்டம் எல்லாவற்றிலும் இதையேதான் செய்து வந்திருக்கிறது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது.

அவனவன் பெட்டி, அவனவன் பாடு என்று விட்டுவிடவும் முடியாது. 2017 மே 12இல் வான்னக்ரை என்ற நச்சுநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14இலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கழிந்தும் போடாமல் இருந்த கணினிகள் வீழ்ந்ததோடு அருகிலிருந்தவற்றுக்கும் பரப்பின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. புதுப்பிக்காத கணினி தன்னை மட்டும் ஆபத்தில் வைப்பதில்லை. ஆகவே கடத்தூருக்கு வழி போடாமல் பெட்டி மட்டும் அனுப்புவது கடத்தூருக்குச் செய்த அநீதியோடு நிற்பதில்லை.

பிறர் சாயும்படி ஒன்றைச் செய்து தருகிறவனுக்கு மூன்று கடமைகள் உண்டு என்று எனக்குப் படுகிறது. இது கழியா அகத்தியா என்பதைச் சொல்லித் தர வேண்டும். எதுவரை தாங்கும் என்று தேதி சொல்ல வேண்டும். சொன்ன தேதிவரை அடைப்புகள் வந்துசேரும் வழியையும் பொருளோடு சேர்த்தே தர வேண்டும். வழி இல்லாத இடத்தில் முதலிரண்டும் வெறும் அறிவிப்பு. சாய்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. தன் நிம்மதிக்காக யாரோ பட்டறையில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்திருப்பதும், முடிந்தவன் கொஞ்ச காலமாவது அங்கே போய் நிற்பதும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடனும் பொதுப் பராமரிப்பு முடிந்தது. நம் ஊர்களின் டிடிபி கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் அவை ஓடுகின்றன. ஆதார் எண்ணும் நிலப்பட்டாவும் அவற்றின் வழியாகப் போய்வருகின்றன. திரையில் எதுவும் மாறவில்லை. நேற்றுப் போலவே இன்றும் இருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் போய் உங்கள் கணினி ஸ்திரமாக இருக்கிறதா என்று கேட்டால், ஒரு தொந்தரவும் இல்லை என்பார். மண்மட்டத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை.